மதிப்பீட்டுக்கு மறுநாள்

ஹரியானா அரசுப் பள்ளிகளில் 2012-13ஆம் கல்வியாண்டில் இரண்டு திட்டங்களை ஒரே நேரத்தில் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்று, தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு. ஆண்டிறுதியில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளையை எடைபோடும் வழக்கத்தை விட்டு, ஆண்டு முழுவதும் ஆசிரியர் பிள்ளையைக் கவனித்துக் குறிப்பெழுத வேண்டும், அதைக் கொண்டு தன் கற்பித்தலைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். மற்றது இன்னும் எளிமையானது. எழுத்து தெரிகிறதா, சொல் படிக்க வருகிறதா, பத்தி படிக்க வருகிறதா என்று ஒவ்வொரு பிள்ளையையும் சில நிமிடங்கள் சோதிப்பார்கள். எந்த வகுப்பானாலும் ஒரே நிலையில் இருப்பவர்களைச் சேர்த்து உட்காரவைத்து, நாள்தோறும் ஒரு மணி நேரம் அந்த நிலையிலிருந்து சொல்லிக்கொடுப்பார்கள். பிரதம் தொண்டு நிறுவனம் பல ஆண்டுகளாக வளர்த்தெடுத்த முறை அது.

ஆய்வில் 400 தொடக்கப் பள்ளிகளும் 100 நடுநிலைப் பள்ளிகளும் இருந்தன. தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். சிலவற்றில் மதிப்பீட்டுத் திட்டம் மட்டும், சிலவற்றில் ஒரு மணி நேரத் திட்டம் மட்டும், சிலவற்றில் இரண்டும், மீதியில் எதுவுமில்லை. நடுநிலைப் பள்ளிகளில் மதிப்பீட்டுத் திட்டத்தை மட்டும் சோதித்தார்கள். ஜேம்ஸ் பெர்ரி, ஹரிணி கண்ணன், ஷோபினி முகர்ஜி, மார்க் ஷாட்லேண்ட் ஆகிய நால்வர் வெளியிட்ட முடிவு தெளிவானது. தொடர் மதிப்பீட்டால் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் பிள்ளைகளின் கற்றலில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் நேரவில்லை. ஒரு மணி நேரத் திட்டம் நடந்த பள்ளிகளில் இந்தி வாசிப்பும் எழுத்தும் முன்னேறின. கணக்கு மட்டும் அதிலும் அசையவில்லை.

இரண்டு திட்டங்களும் மதிப்பீட்டில்தான் தொடங்கின. சொல்லப்போனால், விரிவான மதிப்பீடு முதலாவதில்தான் இருந்தது. அது ஏன் பலிக்கவில்லை, கைக்கடக்கமான அந்தச் சிறு சோதனை மட்டும் ஏன் பலித்தது? நம் பள்ளிக் கல்வியைப் பற்றி இப்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்விகளில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். இந்தியாவில் கல்விச் சீர்திருத்தம் என்றாலே கடந்த எழுபது ஆண்டுகளாகத் தேர்வுச் சீர்திருத்தம் என்றே பொருள்கொண்டு வந்திருக்கிறோம்.

வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்ற பிரிவினையை 1967இல் முன்வைத்தவர் மைக்கேல் ஸ்க்ரிவன். அவர் பேசியது பாடத்திட்டத்தை மதிப்பிடுவது பற்றி. ஒரு பாடத்திட்டம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதைத் திருத்த உதவும் மதிப்பீடு ஒன்று, முடிந்த பிறகு அது தேறியதா என்று சொல்லும் மதிப்பீடு மற்றொன்று. பெஞ்சமின் புளூம் இதை மாணவரின் கற்றலுக்குக் கொண்டுவந்தார். ஆனால் உலகம் முழுவதும் கல்வித் துறைகளின் கவனத்தை இதன் பக்கம் திருப்பியது, லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு. சுமார் 250 ஆய்வுகளை அலசி, வகுப்பறைக்குள் நடக்கும் அன்றாட மதிப்பீடு கற்றலைக் கணிசமாக உயர்த்தும் என்று அவர்கள் சொன்னார்கள். அவர்கள் குறிப்பிட்ட அளவு மிகை என்று பின்னர் வந்தவர்கள் வாதிட்டார்கள். 2011இல் கிங்ஸ்டன், நாஷ் இருவரும் செய்த மறுகணக்கீட்டில் பலன் பாதிக்கும் கீழே இறங்கியது. இறங்கினாலும் மறைந்துவிடவில்லை.

எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த வகுப்பறைகளில் உண்மையில் என்ன நடந்தது என்பதுதான். பிளாக்கும் வில்லியமும் தங்கள் தொகுப்பை வெளியிட்டதோடு நிற்காமல், இங்கிலாந்தின் மெட்வே, ஆக்ஸ்போர்ட்ஷயர் பகுதிகளில் ஆறு பள்ளிகளைச் சேர்ந்த 24 கணித, அறிவியல் ஆசிரியர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். அந்த ஆசிரியர்கள் செய்தவற்றில் பாதி, மதிப்பீடு என்று நாம் நினைப்பதோடு ஒட்டவே ஒட்டாது. கேள்வி கேட்டபின் காத்திருந்தார்கள். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார், அதை மூன்று நொடியாக நீட்டினாலே பதில்களின் தன்மை மாறுகிறது, பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள் என்று அமெரிக்காவில் மேரி பட் ரோ 1970களிலேயே கண்டிருந்தார். கையைத் தூக்குபவரை மட்டும் கேட்கும் பழக்கத்தை அந்த ஆசிரியர்கள் விட்டார்கள். பாடம் எவ்வளவு விளங்கியது என்பதை மாணவர்களே பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களால் குறிக்கச் செய்தார்கள். நோட்டுத் திருத்தும்போது மதிப்பெண் போடுவதை நிறுத்தி, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதினார்கள். சரிசெய்வதற்கு வகுப்பிலேயே நேரமும் கொடுத்தார்கள்.

இந்தக் கடைசிப் பழக்கத்துக்கு ஆதாரமான ஆய்வு இஸ்ரேலில் ரூத் பட்லர் நடத்தியது. 11 வயதுப் பிள்ளைகளில் ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு குழுவுக்குக் கருத்துரை மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும் தந்தார். கருத்துரை மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களும் முன்னேறவில்லை என்பதுதான் கல்வியாளர்களைத் திடுக்கிட வைத்த முடிவு. மதிப்பெண்ணைக் கண்டதும் பிள்ளை கருத்துரையைப் படிப்பதில்லை. பக்கத்தில் இருப்பவனுக்கு எவ்வளவு என்று பார்க்கத் திரும்பிவிடுகிறது. ஆசிரியர் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய வரிகள் வீணாகின்றன. பின்னூட்டம் தந்தாலே பயன் என்று நினைப்பதும் தவறு. 1996இல் க்ளூகரும் டெனீசியும் பின்னூட்டம் குறித்த 607 அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் 38 விழுக்காட்டில் செயல்திறன் உயர்வதற்கு மாறாகக் குறைந்திருந்தது.

ஆக, மதிப்பீட்டிலிருந்து கற்றல் பிறக்க வேண்டுமானால் அதற்கு அடுத்த நாள் வகுப்பில் ஏதாவது மாற வேண்டும். ஆசிரியர் வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அல்லது பிள்ளை தன் வேலையை மறுபடி செய்ய வேண்டும். இந்த இரண்டில் ஒன்றும் நடக்காவிட்டால், மதிப்பீடு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் அது பதிவேட்டில் ஏறுவதோடு முடிந்துவிடுகிறது. இந்தியாவில் அந்த மறுநாளைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் திட்டமிடவில்லை என்பதே என் வாதம்.

புளூபிரிண்ட் வந்த வழி

தேர்வைத் திருத்த வேண்டும் என்ற குரல் இங்கே புதிதல்ல. 1948-49இல் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, ஒரே ஒரு சீர்திருத்தம் செய்யலாம் என்றால் அது தேர்வில்தான் செய்யப்பட வேண்டும் என்ற அளவுக்குப் போனது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பொதுத்தேர்வுகளைக் குறைத்து, பள்ளியிலேயே மாணவரின் வளர்ச்சியைப் பதிவுசெய்யும் முறை வேண்டும் என்றது. கோத்தாரி குழுவும் 1966இல் பள்ளி அளவிலான மதிப்பீட்டை வலியுறுத்தியது.

இடையில், 1950களின் பிற்பகுதியில், புளூமே இந்தியாவுக்கு வந்தார். மனப்பாடத்தை மட்டும் சோதிக்கும் வினாத்தாளுக்குப் பதிலாக, அறிதல், புரிதல், பயன்படுத்தல் என்று நோக்கங்களை வகுத்து, எந்தப் பாடத்திலிருந்து எந்த நோக்கத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே கட்டம் போட்டு வினாத்தாள் தயாரிக்கும் முறை அந்தக் காலத்துப் பயிலரங்குகள் வழியாக நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் 2017க்கு முன் பத்தாவது, பன்னிரண்டாவது படித்த எவரும் அந்தக் கட்டத்தை அறிவார்கள். அதுதான் புளூபிரிண்ட்.

வினாத்தாள் தயாரிப்பவர் எந்தப் பாடத்தையும் விட்டுவிடாமல் இருப்பதற்காக உருவான கருவி அது. நாளடைவில் மாணவர் எந்தப் பாடத்தை விடலாம் என்று கணக்குப் போடும் கருவியாயிற்று. இந்தப் பாடத்தில் பத்து மதிப்பெண் கேள்வி உறுதி, அதில் ஒன்றுமே வராது, இதை ‘சாய்ஸில்’ விட்டுவிடலாம் என்று ஸ்பெஷல் கிளாஸில் ஆசிரியர்களே சொல்லிக்கொடுத்தார்கள். புத்தகத்தின் பாட இறுதிக் கேள்விகளை மட்டும் உருப்போட்டு ‘சென்டம்’ வாங்குவது சாத்தியமாயிற்று. ஆசிரியர்களை இதற்காகக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரிசல்ட் குறைந்தால் முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். அந்தக் கூட்டத்தில் மாணவருக்கு எது விளங்கவில்லை என்று யாரும் கேட்டதில்லை.

2017இல் தமிழ்நாடு அரசு மாநில அளவிலான ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. புளூபிரிண்ட்டையும் கைவிட்டது. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தது. பதினொன்றின் பாடத்தை ஒப்புக்கு முடித்துவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டின் பாடத்தையே நடத்திய பள்ளிகளுக்குக் கடிவாளம் போடுவதே அதன் நோக்கம். ரேங்க் பட்டியலை நிறுத்தியது நல்ல முடிவு. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வோ மாணவரைத் தொடர்ச்சியாக மூன்று ஆண்டு பொதுத்தேர்வு எழுத வைத்தது. கற்பித்தலில் உள்ள குறையைத் தேர்வு ஒன்றைக் கூட்டிச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணியதன் விளைவு அது. 2025-26 முதல் அந்தத் தேர்வை அரசே விலக்கிக்கொண்டது.

அ, ஆ, நாற்பது, அறுபது

கீழ் வகுப்புகளின் கதை வேறு பாதையில் போனது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டைச் சட்டத்திலேயே எழுதியது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றும் சொன்னது. தமிழ்நாடு 2012-13இல் முப்பருவ முறையோடு இதை எட்டாம் வகுப்பு வரை நடைமுறைப்படுத்தியது. கனத்த புத்தகம் மூன்றாகப் பிரிந்தது பிள்ளைகளின் தோளுக்கு உண்மையான விடுதலை. மதிப்பீடு இப்படி அமைந்தது: வளரறி (அ) செயல்பாடுகளுக்கு 20, வளரறி (ஆ) சிறு தேர்வுகளுக்கு 20, பருவ இறுதியில் தொகுத்தறி 60.

கூர்ந்து பார்த்தால் கோளாறு இந்தக் கூட்டலிலேயே இருப்பது தெரியும். கற்பித்தலைத் திருத்திக்கொள்வதற்கான மதிப்பீட்டுக்கு மதிப்பெண் எதற்கு? அதை இறுதி மதிப்பெண்ணோடு கூட்டுவது எதற்கு? கூட்டியவுடன் அது இன்னொரு தேர்வாகிவிடுகிறது. எந்த ஆசிரியரும் தன் பிள்ளைகளுக்கு அதில் குறைத்துப் போட விரும்புவதில்லை. நாற்பதில் முப்பத்தெட்டும் முப்பத்தொன்பதுமாக வரிசையாக ஏறும். வளரறி (அ) செயல்பாடுகள் பல இடங்களில் சார்ட் ஒட்டுவதும் மாதிரி செய்வதுமாகச் சுருங்கின. அந்தச் சார்ட்டைச் செய்தது பிள்ளையா, அம்மாவா, ஸ்டேஷனரி கடைக்காரரா என்பது ஊரறிந்த விஷயம். பதிவேடுகள் பெருகின. ஆசிரியர்களிடம் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசினால், எழுதித் தீராத பதிவேடுகளைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

ஆந்திரத்தில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வு ஒன்று இங்கே பொருத்தமானது. அரசுத் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கு வெளியார் தேர்வு நடத்தி, எந்தப் பிள்ளைக்கு எந்தத் திறனில் எவ்வளவு குறை என்று விரிவான அறிக்கை தயாரித்து ஆசிரியர் கையில் கொடுத்தார்கள். அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்ற குறிப்பும் கூடவே இருந்தது. ஆசிரியருக்கு ஒரு பதிவேடும் எழுதும் வேலையில்லை. ஆண்டு முடிவில் பார்த்தால், அறிக்கை கிடைத்த பள்ளிகளுக்கும் கிடைக்காத பள்ளிகளுக்கும் கற்றலில் வேறுபாடு இல்லை. இதே அறிக்கை, மாணவர் முன்னேற்றத்துக்கேற்ப ஆசிரியருக்கு ஊக்கத்தொகை தந்த பள்ளிகளில் பயன்பட்டதற்கு அறிகுறிகள் இருந்தன. எனவே ஆசிரியருக்கு முனைப்பு வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முனைப்பு இருக்கும் ஆசிரியரும் அந்த அறிக்கையை எந்த மணி நேரத்தில் பயன்படுத்துவார் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. காலை முதல் மாலை வரை கால அட்டவணை நிரம்பியிருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பாடத்தை மார்ச்சுக்குள் முடித்தாக வேண்டும். மூன்றாம் வகுப்புக் கழித்தல் தெரியாத பிள்ளை எங்கே இருக்கிறது என்று அறிக்கை சொல்கிறது. அந்தப் பிள்ளையோடு உட்கார அட்டவணையில் இடமே இல்லை.

வகுப்பு என்ற பெயரில் ஐந்து வகுப்புகள்

கால அட்டவணை அவ்வளவு இறுக்கமாக இருப்பதற்குக் காரணம் பாடத்திட்டத்தின் வேகம். அந்த வேகம் எத்தனை பிள்ளைகளைப் பின்னால் விட்டுச் செல்கிறது என்பதை டெல்லியில் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹான்ட்ரோ கானிமியன் மூவரும் அளந்து காட்டினார்கள். அவர்கள் சோதித்தவர்களில் ஆறாம் வகுப்பு மாணவர் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நாலரை வகுப்பாக வளர்ந்திருந்தது. ஒரே வகுப்பறைக்குள் ஐந்தாறு வகுப்பு அளவுக்கு நிலை வேறுபாடு இருந்தது. மிகவும் பின்தங்கிய மூன்றில் ஒரு பங்கினர் வழக்கமான பள்ளியில் ஓராண்டு உட்கார்ந்தும் ஏறத்தாழ எதையும் புதிதாகக் கற்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு வந்தது வருத்தம் என்று சொல்வதைவிடக் கோபம் என்பதே சரி. ஆண்டு முழுக்கப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் அவர்கள்.

அந்த ஆய்வு உண்மையில் மைண்ட்ஸ்பார்க் என்ற கணினிவழிக் கற்றல் முறையைப் பற்றியது. பள்ளி முடிந்தபின் பிள்ளையின் நிலையைக் கண்டு, அங்கிருந்து பயிற்சி தரும் முறை அது. நாலரை மாதத்தில் கணக்கில் பெரிய முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் பள்ளியின் சொந்தக் கணக்குத் தேர்வில் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. பிள்ளை இரண்டாம் வகுப்பு நிலையிலிருந்து நான்காம் வகுப்பு நிலைக்கு ஏறியிருந்தாலும், ஏழாம் வகுப்பு வினாத்தாளில் இரண்டு நிலைக்கும் கிட்டத்தட்ட அதே மதிப்பெண்தான் விழும். அந்தத் தேர்வு அளக்கும் எல்லைக்குள் அந்தப் பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை. ஆசிரியர் பாடுபட்டு ஒரு பிள்ளையை இரண்டு படி ஏற்றினால், அது எந்தப் பதிவிலும் வராது என்பது இதன் பொருள். பார்டரில் நிற்கும் பிள்ளையைப் பாஸாக்கினால் ரிசல்ட்டில் தெரியும். ‘மெல்லக் கற்போர்’ கையேட்டை வைத்துக் கடைசி இரண்டு மாதம் முப்பத்தைந்து மதிப்பெண்ணுக்கு மட்டும் தயார்செய்யும் வழக்கம் இங்கே வேரூன்றியதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

கென்யாவிலும் இதையொத்த ஒன்று நடந்தது. நூல்கள் இல்லாத பள்ளிகளுக்குப் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே முன்னணியில் இருந்த மாணவர்கள் மட்டும் பயனடைந்தார்கள். மற்றவர்களுக்கு அந்த ஆங்கிலப் பாடநூலைப் படிக்கவே வரவில்லை.

அதே ஆசிரியர், வேறு நேரம்

பிழை ஆசிரியரிடம் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறவர்களுக்கு பீகாரின் மேற்குச் சம்பாரண் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2008 கோடை விடுமுறையில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பிரதம் முறையில் ஒரு மாத முகாம் நடத்தினார்கள். பாடநூல் கிடையாது. பிள்ளைகள் நிலைவாரியாக உட்கார்ந்தார்கள். படிக்கத் திணறியவர்கள் அந்த ஒரு மாதத்தில் தெளிவாக முன்னேறினார்கள். பள்ளி திறந்தபின் அதே முறைக்கான பயிற்சியும் நூல்களும் வழக்கமான வகுப்பறைக்குப் போயின. அவற்றை மட்டும் கொடுத்த இடங்களில் பலன் இல்லை. கோடையில் கற்பிக்கத் தெரிந்தவர்களுக்கு ஜூலையில் கற்பிக்கத் தெரியாமல் போகுமா? ஜூலையில் அவர்கள் கையில் பாடநூல் இருந்தது, அதை முடித்தாக வேண்டிய கட்டாயமும் இருந்தது. ஹரியானாவில் அந்த ஒரு மணி நேரத்தைத் தனியே ஒதுக்கி, வட்டார அளவில் பள்ளிக்குச் சென்று பார்க்கும் அலுவலர்களையும் அதற்குப் பொறுப்பாக்கியது இந்த அனுபவத்திலிருந்து பெற்ற பாடம்தான்.

மதிப்பீட்டை மறுநாளோடு பிணைத்த முறை ஒன்று நம்மிடமே இருந்தது. ஆந்திரத்தின் ரிஷி வேலியில், கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காக பத்மநாப ராவும் ரமாவும் உருவாக்கிய அட்டைவழிக் கற்றலைப் பின்பற்றி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதற்கு உந்துசக்தி. 2007-08க்குள் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது போனது. சுவரில் கற்றல் ஏணி. பிள்ளை தன் படிக்குரிய படச் சின்னத்தைப் பார்த்துத் தானே அட்டையை எடுக்கும். அறிமுகம், பயிற்சி, பிறகு மதிப்பீட்டு அட்டை. அதைச் சரியாகச் செய்தால் ஏணியில் அடுத்த படி. செய்யவில்லையென்றால் குறையைத் தீர்க்கும் அட்டை, பிறகு மறுபடி முயற்சி. காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. மதிப்பெண் இல்லை, ரேங்க் இல்லை. மதிப்பீடு சொன்ன செய்தி அடுத்த நிமிடமே கற்பித்தலாக மாறும்படி அமைப்பே கட்டப்பட்டிருந்தது.

அந்த முறைக்குக் குறைகள் இருந்தன, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. அவசரமாக மாநிலம் முழுக்கக் கொண்டுபோனதில் பல பள்ளிகளில் அட்டையே ஆசிரியரின் இடத்தைப் பிடித்தது. கதை சொல்வதும் கூடிப் பேசுவதும் குறைந்தன. புத்தகமும் வீட்டுப்பாடமும் இல்லாத பள்ளியைப் பெற்றோர் நம்பவில்லை. பின்னர் முப்பருவப் பாடநூல்களோடு அட்டைகளை இணைத்தார்கள். மெல்ல மெல்லப் பாடநூல் முன்னுக்கு வந்தது, ஏணி பின்னுக்குப் போனது. குறைகளைத் திருத்தி வளர்த்திருக்க வேண்டிய ஒன்றை நாம் தேயவிட்டோம் என்பதே என் தீர்ப்பு.

கொரோனா காலம் தமிழ்நாட்டை மறுபடி அந்த இடத்துக்கு இழுத்து வந்தது. ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த சிங், மொரீசியோ ரொமேரோ, முரளிதரன் ஆகியோரின் ஆய்வு, 2021 டிசம்பரில் கணக்கில் சுமார் 0.7 திட்டவிலக்கமும் தமிழில் சுமார் 0.34 திட்டவிலக்கமும் இழப்பு இருந்ததைக் கண்டது. பள்ளிக் கல்வியில் இது மிகப் பெரிய அளவு. வெற்றிகரமான திட்டங்கள்கூட ஓராண்டில் இவ்வளவு ஏற்றுவது அரிது. பள்ளிகள் திறந்து ஆறே மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடானது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்பது அவர்களின் கணக்கு. மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். நடத்தியவர்கள் அந்தந்தத் தெருவின் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். போர்ஷன் முடிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து அவர்களால் தொடங்க முடிந்தது.

2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று தொடக்க வகுப்புப் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்தது. 2025-26இல் மேல் வகுப்புகளில் அடிப்படைத் திறன் குறைந்தவர்களுக்காகத் ‘திறன்’ இயக்கம் தொடங்கியது. திசை சரியானது. ஆனால் பழைய ஆபத்தும் கூடவே வருகிறது. எந்தப் பிள்ளை அரும்பு, எந்தப் பிள்ளை மொட்டு என்பதை வகுப்பறைக்காகக் குறிப்பது வேறு, கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றி மாவட்டவாரியாக ஒப்பிடுவது வேறு. இரண்டாவது தொடங்கிய நாளில் முதலாவது பொய்யாகத் தொடங்கும். அபிஜித் சிங் மத்தியப் பிரதேசத்தில் அரசு நடத்திய தேர்வின் முடிவுகளைத் தானே நடத்திய மறுதேர்வோடு ஒப்பிட்டபோது, அரசுக் கணக்கு பெரிதும் ஊதியிருந்ததைக் கண்டார். அத்தனைக்கும் அந்தத் தேர்வில் குறைந்த மதிப்பெண் வந்தால் ஆசிரியருக்குத் தண்டனை எதுவும் இல்லை. மேலே பார்க்கிறார்கள் என்ற உணர்வே போதுமாயிருந்தது.

எனவே, அலுவலகத்துக்கான அளவீட்டையும் வகுப்பறைக்கான அளவீட்டையும் முழுவதுமாகப் பிரித்துவிட வேண்டும். அரசுக்கு நிலவரம் தெரிய வேண்டும் என்றால், ஒவ்வொரு மாவட்டத்திலும் சில பள்ளிகளைத் தேர்ந்து, வெளியார் மூலம் மாதிரித் தேர்வு நடத்தட்டும். எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பிள்ளைக்கும் எல்லா மாதமும் தேவையில்லை. வகுப்பறை மதிப்பீட்டின் விவரம் பள்ளி வாசலைத் தாண்டக் கூடாது. அதற்கு மதிப்பெண்ணும் வேண்டாம், பதிவேற்றமும் வேண்டாம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பருவத்திலும் சில வாரங்கள் புதிய பாடம் எதுவும் நடத்தப்படாத வாரங்களாக அட்டவணையிலேயே இருக்க வேண்டும். அந்த வாரங்களைப் பெறப் பாடநூலைக் குறைத்தாக வேண்டும். யஷ்பால் குழு 1993இலேயே பிள்ளைகளின் பாடச்சுமையைப் பற்றி எச்சரித்தது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு திருத்தத்திலும் பாடநூல் தரமுயர்ந்தது, கூடவே தடித்தது. குறுவள மையக் கூட்டங்களில் சுற்றறிக்கை வாசிப்பதைக் குறைத்து, ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளின் விடைத்தாள்களைக் கொண்டுவந்து, இந்தத் தவறு எதனால் வருகிறது, இதை எப்படிச் சரிசெய்தேன் என்று பேசட்டும். மெட்வே, ஆக்ஸ்போர்ட்ஷயர் பகுதிகளின் அந்த 24 ஆசிரியர்களும் ஒருவரோடொருவர் பேசித்தான் கற்றுக்கொண்டார்கள்.

தலைமைச் செயலகம் இதையெல்லாம் செய்யும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெரும்பான்மை பெற்றோர்தான். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது தேர்ச்சி விழுக்காட்டைக் கேளுங்கள், தவறில்லை. அதோடு இதையும் கேளுங்கள்: போன மாதத் தேர்வில் எந்தப் பிள்ளைகளுக்கு எது விளங்கவில்லை என்று தெரிந்தது, அதன் பிறகு அவர்களுக்கு எந்த நேரத்தில், யார், என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? அதற்கு நேரம் இல்லை என்று ஆசிரியர் சொன்னால் அவரோடு சண்டை போடாதீர்கள். அந்த நேரத்தைக் கேட்டு ஒரு தீர்மானம் எழுதி, அவரையும் கையெழுத்திடச் சொல்லி, கல்வித் துறைக்கு அனுப்புங்கள்.